எந்த வருஷத்துக் கப்பல்? – வாசகர் கேள்வி பதில்

பழைய பாய்மரக் கப்பல்களை அடையாளம் காண்பது பற்றியும் அவற்றின் மாதிரிகளைக் கையால் கட்டுவது பற்றியும் கேள்விகள் அனுப்பலாம் என்று போன மாதம் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பல, "இது என்ன கப்பல்?" என்றுதான் கேட்கின்றன. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சார், எங்கள் தாத்தா கொழும்புத் துறைமுகத்தில் கணக்கராக இருந்தவர். அவருடைய பெட்டியில் ஒரு கப்பல் போட்டோ கிடைத்தது. மூன்று பாய்மரங்கள். முதல் இரண்டிலும் குறுக்குக் கட்டைகள் நிறைய இருக்கின்றன, கடைசி மரத்தில் ஒன்றுகூட இல்லை. இது என்ன கப்பல், எந்தக் காலம்? (பெரம்பூர் வாசகர்)

பதில்: கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிட்டீர்கள். கடைசி மரத்தில் குறுக்குக் கட்டை இல்லை என்று கவனித்தீர்களே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தக் கட்டைக்குப் பருமல் என்று பெயர். பருமலில் தொங்கும் பாய் கப்பலுக்குக் குறுக்கே நிற்கும், அதைக் குறுக்குப் பாய் என்றே வைத்துக்கொள்வோம். இன்னொரு வகைப் பாய் மரத்தை ஒட்டிக் கப்பலின் நீளவாக்கில் விரியும், அது நெடுக்குப் பாய். மூன்று மரத்திலும் குறுக்குப் பாய் இருந்தால் அது முழுக் கப்பல். பழைய மாலுமிகள் 'ஷிப்' என்ற சொல்லையே கறாராக இந்த வகைக்குத்தான் வைத்திருந்தார்கள். கடைசி மரத்தில் மட்டும் நெடுக்குப் பாய் என்றால் பார்க். முதல் மரத்தில் மட்டும் குறுக்கு, மற்ற இரண்டிலும் நெடுக்கு என்றால் பார்கன்டைன். இரண்டே மரம், இரண்டிலும் குறுக்குப் பாய் என்றால் பிரிக். எல்லா மரத்திலும் நெடுக்குப் பாயே பிரதானம் என்றால் ஸ்கூனர். ஆக, தாத்தாவின் போட்டோவில் இருப்பது பார்க். இதே அமைப்பில் இன்றும் கடலில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் நம் கடற்படையின் பயிற்சிக் கப்பல் ஐ.என்.எஸ். தரங்கிணி இருக்கிறது. கோவாவில் கட்டி 1997-இல் பணியில் சேர்த்த மூன்று மரப் பார்க் அது.

காலத்தைக் கண்டுபிடிக்கப் பருமல்களைக் கீழிருந்து மேலாக எண்ணுங்கள். பழைய கப்பல்களில் கீழிருந்து இரண்டாவது பாய் ஒரே பெரிய பாயாக இருக்கும், காற்று ஏறும்போது அதைச் சுருட்ட ஒரு கூட்டமே மேலே ஏற வேண்டும். 1850-களிலிருந்து வணிகக் கப்பல்கள் அந்தப் பாயை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டன, குறைந்த ஆட்களே போதும் என்றாயிற்று. அதனால் இரண்டாவது பருமலும் மூன்றாவது பருமலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தெரிந்தால் கப்பல் அதற்குப் பிந்தையது. அப்புறம் ஒரு லென்ஸ் வைத்துக்கொண்டு கப்பலின் நடுப்பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தேடுங்கள். வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் தெரிகிறதா? எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று காட்டும் பிளிம்சால் குறி அது. பிரிட்டனில் 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பாய் அமைப்பு கப்பலோடு கூடப் பிறந்து கடைசிவரை அப்படியே இருப்பதில்லை. லண்டன் கிரீனிச்சில் நிற்கும் 'கட்டி ஸார்க்' என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1869 நவம்பரில் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறங்கியபோது மூன்று மரத்திலும் குறுக்குப் பாய் கட்டிய முழுக் கப்பல், சீனத்துத் தேயிலையை வேகமாகக் கொண்டுவரக் கட்டியது. அதே மாதம் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டதால் தேயிலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நீராவிக் கப்பல்களுக்குப் போய்விட்டது. 1880-இல் அதன் பாய்மர உயரத்தைக் குறைத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றி ஓடியது. 1895-இல் ஒரு போர்ச்சுகீசிய நிறுவனம் வாங்கி ஃபெரேரா என்று பெயரை மாற்றியது. 1916-இல் தென்னாப்பிரிக்கா பக்கம் புயலில் பாய்மரங்கள் போயின. உலகப் போர் நடந்த நேரம், நல்ல மரமும் கிடைக்கவில்லை, கேப் டவுனில் பார்கன்டைனாக மாற்றிக் கட்டிவிட்டார்கள். 1922-இல் டௌமன் என்ற ஆங்கிலேய கேப்டன் வாங்கித்தான் பழையபடி முழுக் கப்பலாக்கினார். இப்போது சொல்லுங்கள், 1918-இல் எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தால், "இது பார்கன்டைன், கட்டி ஸார்க்காக இருக்கவே முடியாது" என்று யாரும் அடித்துச் சொல்வார்கள் அல்லவா? அதனால் பெயரைக் கேட்கும் முன் எந்த வருஷம் என்று கேட்பது என் வழக்கம். மாதிரி கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1870-ஆம் வருஷத்துக் கட்டி ஸார்க் என்றால் உயரமான மரங்கள், 1890 என்றால் குட்டையான மரங்கள்.

கேள்வி: வீட்டு அலங்காரத்துக்கு ஒரு மரக் கப்பல் வாங்கினோம். பாய்களில் சிவப்புச் சிலுவை போட்டிருக்கிறது. கடைக்காரர் கொலம்பஸ் கப்பல் என்றார். நிஜமா? (சேலம் வாசகி)

பதில்: சிலுவையை விட்டுவிட்டுக் கப்பலின் உடம்பைப் பாருங்கள். பக்கவாட்டில் வரிசை வரிசையாகப் பீரங்கி ஜன்னல்கள் இருக்கின்றனவா? மூக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைக்கும் முதல் மரத்துக்கும் நடுவில் முக்கோணப் பாய்கள் இரண்டு மூன்று தொங்குகின்றனவா? இருந்தால் அது 1492-ஆம் வருஷத்துக் கப்பல் இல்லை. பெரிய கப்பல்களுக்கு அந்த முக்கோண முன்பாய்கள் வந்து சேர்ந்ததே 1700-களை ஒட்டித்தான். கடைகளில் விற்கும் பெரும்பாலான அலங்காரக் கப்பல்கள் இருநூறு, முந்நூறு வருஷத்து அடையாளங்களை ஒரே உடம்பில் சேர்த்துச் செய்தவை. அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. பிள்ளைகளிடம் மட்டும் கொலம்பஸ் கப்பல் என்று சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொலம்பஸ் ஏறிப்போன சாந்தா மரியா கப்பலுக்கு அந்தக் காலத்து வரைபடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1492 கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்றைய ஹைட்டி கரையோரம் தரைதட்டிப் போனது, அதன் மரத்தைப் பிரித்தே கரையில் ஒரு கோட்டை கட்டினார்கள். அதனால் எந்த அருங்காட்சியகத்தில் பார்த்தாலும் அந்த மாதிரி, அந்தக் காலத்து மற்றக் கப்பல்களைப் படித்துச் செய்த ஊகம்தான். கூடப் போன நீஞ்ஞாவுக்கும் வருஷம் மட்டுமல்ல, மாதம்கூடக் கேட்க வேண்டும். ஸ்பெயினிலிருந்து முக்கோணப் பாயோடு கிளம்பி, வழியில் கேனரித் தீவுகளில் நிறுத்திக் குறுக்குப் பாய்க்கு மாறிக்கொண்டுதான் அட்லாண்டிக்கைக் கடந்தது.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பழைய போர்க்கப்பல் இங்கிலாந்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? அதை மாதிரியாகக் கட்ட முடியுமா? (திருகோணமலை வாசகர்)

பதில்: உண்மைதான். ஹெச்.எம்.எஸ். டிரிங்கோமலி, இங்கிலாந்தின் ஹார்டில்பூல் நகரத்தில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. 1782-இல் உங்கள் ஊருக்கு அப்பால் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதிய போரை வைத்து அந்தப் பெயர். ஆனால் கட்டியது இங்கிலாந்தில் இல்லை, பம்பாயில். வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டும் தளத்தில், ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா தலைமையில், மலபார்த் தேக்கில் கட்டி 1817 அக்டோபரில் நீரில் இறக்கினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று இந்தக் கப்பலுக்கு உண்டு. 1812-இல் கட்ட உத்தரவிட்டார்கள், வரைபடங்களை ஜாவா என்ற போர்க்கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் ஜாவாவை அடித்து வீழ்த்திவிட்டது, வரைபடங்களும் போயின. மறுபடி ஒரு பிரதி வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று. காலம் கடந்ததில் நெப்போலியன் போர்களே முடிந்துவிட்டன. கட்டி முடித்த கப்பலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பல வருஷம் சும்மா நிறுத்தி வைத்தார்கள். ஜாவாவை வீழ்த்திய கான்ஸ்டிடியூஷனும் இன்று பாஸ்டனில் மிதக்கிறது.

மாதிரி கட்டலாம், தாராளமாக. ஆனால் இதிலும் வருஷத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டியபோது ஃபிரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்), 1840-களில் பீரங்கிகளைக் குறைத்துப் பின்பக்கத்தையும் மாற்றி 26 பீரங்கிக் கார்வெட் (அதைவிடச் சிறிய வகை) ஆக்கினார்கள். இணையத்தில் கிடைக்கும் இரண்டு காலத்துப் படங்களையும் கலந்து கட்டினால் எப்போதுமே இல்லாத ஒரு கப்பல் வரும். நிஜக் கப்பல் தேக்கு என்பதற்காக மாதிரிக்கும் தேக்கு வாங்காதீர்கள். தேக்கின் நரம்பு பெரிது, சின்ன அளவில் பலகை முழுக்கக் கீறல் விழுந்ததுபோல் தெரியும். குமிழ், மஞ்சள்கடம்பு மாதிரி நெருக்கமான மரம் நல்லது, மேலே நிறம் ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. மகன் வெளிநாட்டிலிருந்து விக்டரி கப்பலின் மரக் கிட் வாங்கி அனுப்பியிருக்கிறான். இதுவரை எதுவும் கட்டியதில்லை. நேரடியாகத் தொடங்கிவிடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: இப்போது வேண்டாம் ஐயா. பெட்டியைப் பத்திரமாக, கரையான் ஏறாத அலமாரியில் வையுங்கள். விக்டரி 1765-இல் நீரில் இறங்கியது, டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் ஏறி நின்ற கொடிக்கப்பல், 104 பீரங்கிகள், நிஜக் கப்பலில் ஓடும் கயிறு மட்டும் சுமார் 26 மைல். ஒரு பீரங்கி செய்யப் பழகலாம், நூறாவது பீரங்கி செய்யப் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமை முதல் கப்பலில் யாருக்கும் வராது. பாதியில் நின்றுபோன விக்டரிகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரே பாய்மரம் உள்ள ஒரு சின்னப் படகுக் கிட்டை வாங்கி ஆறு மாதம் அதில் கை பழகுங்கள், பிறகு இதைத் திறக்கலாம்.

ஆறு மாதத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, பலகை ஒட்டுவது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு அடிமரம் (நம் பக்கம் ஏரா என்பார்கள்), அதில் குறுக்கே விலாச்சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய மரப் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போவீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு, பட்டையை அப்படியே முழு அகலத்தில் ஒட்டுவது. கப்பல் நடுவில் பருத்தது, மூக்கில் ஒடுங்கியது. நடு விலாவின் வளைவை ஒரு காகிதத் துண்டால் சுற்றி அளந்தால் 90 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டை 5 மில்லிமீட்டர் என்றால் 18 பட்டைகள். அதே இடைவெளியை மூக்கருகில் அளந்தால் 54 மில்லிமீட்டர்தான். அந்த 18 பட்டையும் அங்கேயும் அடங்க வேண்டுமே. ஆகவே ஒவ்வொரு பட்டையும் மூக்கை நெருங்கும்போது 5-லிருந்து 3 மில்லிமீட்டராகச் சீராக மெலிய வேண்டும். மெலிக்காமல் ஒட்டினால் நாலாவது பட்டையிலேயே அது மேல்நோக்கி ஏறிக்கொண்டு முறுக்கும், நீங்கள் பசையையும் ஊசியையும் வைத்து அமுக்குவீர்கள், மறுநாள் காலை அது எழுந்து நிற்கும். பாதி அகலத்துக்கும் கீழே மெலிக்க வேண்டி வந்தால் மட்டும் அந்தப் பட்டையை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பட்டையை அகலமாக வெட்டி இரண்டு இடத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள்.

பட்டையை ஒட்டும் முன் விலாச்சட்டங்களின் ஓரத்தைச் சாய்வாக இழைப்பதும் அவசியம். ஒரு நல்ல பட்டையை எடுத்து, பசை இல்லாமல், மூக்கிலிருந்து பின்பக்கம் வரை மேலே வைத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் முழு அகலமும் பதிகிறதா, இல்லை ஓரத்தில் மட்டும் தொடுகிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகக் குனிந்து பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் உப்புத்தாள் வேலை பாக்கி. நான் பலகைக்குச் செலவிடுவதைவிட இந்தச் சாய்வுக்கு அதிக நாள் செலவிடுகிறேன். வளைக்க, வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, சூடான இரும்பில் மெல்ல அழுத்தினால் போதும்.

அப்புறம் விக்டரியைத் திறக்கும் நாளில் ஒரு விஷயம். 1765-இல் அதன் பின்பக்கத்தில் திறந்த மாடங்கள் இருந்தன. 1800 முதல் 1803 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில் அவற்றை மூடிவிட்டார்கள். பெட்டியில் இருக்கும் வரைபடம் எதைக் காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: கப்பல் கயிறுகளில் பஞ்சு பஞ்சாக மயிர் நிற்கிறது, ஃபெவிக்விக் போட்ட முடிச்சு வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. என்ன செய்வது? பாய்த் துணியும் ரொம்ப வெளுப்பாக இருக்கிறது. (கோவை கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, பருத்தி நூலை விட்டுவிட்டுப் பாலியஸ்டர் நூலுக்கு வந்துவிடு. நான் 1:96 அளவில் (நிஜத்தில் 96-இல் ஒரு பங்கு) கட்டி ஸார்க் கட்டியபோது மரங்களைத் தாங்கும் கயிறுகளைப் பருத்தியில் போட்டேன். ஐப்பசி மழையில் நூல் ஈரம் குடித்து இறுகி மேல்மரத்தை ஒருபக்கமாக வளைத்துவிட்டது, தை மாதம் எல்லாம் தொய்ந்து தொங்கியது. முழுவதும் அறுத்துவிட்டு மறுபடி கட்டினேன், இரண்டு மாத வேலை. பருத்திதான் கையில் இருக்கிறது என்றால் தேன்மெழுகில் இழுத்து, மெழுகுவர்த்திச் சுடரின் ஓரமாக வேகமாக ஓட்டினால் மயிர் பொசுங்கிவிடும். முடிச்சுக்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு சொட்டு. காய்ந்தால் தெரியாது, தப்பானால் ஈரப்படுத்தி அவிழ்க்கலாம். மரத்தைத் தாங்கும் கயிறுகள் தார் பூசியவை, அதனால் கருப்பு. பாயை இழுக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. ஏணி போலக் குறுக்கே கட்டும் நூல்கள் நிஜத்தில் ஓர் ஆள் கால் வைத்து ஏறும் இடைவெளி, 13 முதல் 15 அங்குலம். 1:96-இல் மூன்றரை முதல் நாலு மில்லிமீட்டர்.

பாய்த் துணியைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து நிழலில் காயப்போடு. துணி எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது, அரை மில்லிமீட்டர் தடிமன் என்றாலே நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர் தடிப்பான பாய் ஆகிவிடும். பாயே இல்லாமலும் வைக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் பாய் கட்டாத கப்பலில் மேல் பருமல்கள் உச்சியில் நிற்காது, கீழே இறங்கித்தான் இருக்கும். இதைக் கவனிக்காத மாதிரிகள் அதிகம்.

கேள்வி: பாட்டிலுக்குள் கப்பல் எப்படி நுழைகிறது? (மதுரை, ஏழாம் வகுப்பு மாணவி)

பதில்: பாய்மரங்களைக் கீல் வைத்ததுபோல் மடித்துப் படுக்க வைத்து நுழைப்பார்கள் கண்ணு, உள்ளே போனதும் வெளியே நீண்டிருக்கும் நூலை இழுத்தால் எல்லா மரமும் எழுந்து நிற்கும், பிறகு நூலை ஒட்டி வெட்டிவிடுவார்கள்.

கேள்வி: என் தாத்தா தோணியில் தண்டலாக (தோணித் தலைவராக) இருந்தவர். கொழும்பு, மாலத்தீவு போய் வந்தவர். அவர் ஓட்டியது போன்ற தோணியை மாதிரியாகக் கட்ட ஆசை. எங்கே தேடியும் கிட்டும் இல்லை, வரைபடமும் இல்லை. இங்கே கரையில் ஒரு பழைய தோணி உடைக்கக் காத்து நிற்கிறது. ஏதாவது செய்ய முடியுமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதப் பக்கத்தைக் கூட்டிக் கேட்டு வாங்கினேன். உங்களால் செய்ய முடியும், உடனே செய்ய வேண்டும். கட்டி ஸார்க்குக்கும் விக்டரிக்கும் ஆயிரம் வரைபடம் உண்டு. நம் தோணியும் வள்ளமும் பெரும்பாலும் தாளில் வரையாமல் ஓடாவியின் (தோணி கட்டும் தச்சரின்) கண்ணிலும் கையிலும் இருந்து வந்தவை. உடைத்துவிட்டால் திரும்ப எடுக்க ஏதும் இருக்காது.

உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் தண்ணீர்க் குழாய் மட்டமும் ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தோணிக்குப் பக்கத்தில், அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை, தரைக்கு மேல் ஒரு கயிற்றை மட்டமாக இழுத்துக் கட்டுங்கள். அதில் நாலடிக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கு நேராகவும் ஒரு குச்சியை நட்டுத் தூக்குக்குண்டை வைத்து நிமிர்த்தி, தரையிலிருந்து ஒவ்வோர் அடி உயரத்திலும் குச்சிக்கும் தோணியின் உடம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இந்த எண்களை வரைதாளில் புள்ளி வைத்துச் சேர்த்தால் தோணியின் வயிறு அப்படியே வரும். இரண்டு பேர் இருந்தால் இரண்டு நாள் வேலை. போட்டோ எடுக்கும்போது அடிக்கு அடி கறுப்பு வெள்ளை அடித்த ஒரு கம்பைப் படத்துக்குள் நிறுத்துங்கள். கிட்டே நின்று எடுக்காதீர்கள், தள்ளி நின்று ஜூம் போட்டு எடுத்தால் வடிவம் கோணாது.

எந்த மரம், எங்கே ஆணி, எங்கே பஞ்சு அடைத்தது என்பதை ஊரில் இருக்கும் மூத்த ஓடாவியைக் கூட்டிவந்து காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள், அகராதிச் சொல்லுக்கு மாற்ற வேண்டாம். தாத்தா காலத்தில் பாய், இப்போது எஞ்சின். எஞ்சினுக்காக எதை வெட்டினார்கள், பாய்மரம் முன்பு எந்த இடத்தில் நின்றது, ஆஞ்சான் கயிறு (பாயை ஏற்றி இறக்கும் கயிறு) எங்கே கட்டியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாதிரி தாத்தாவின் வருஷத்துக்கா, இன்றைய வருஷத்துக்கா என்று அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். 80 அடித் தோணி என்றால் 1:48-இல் 20 அங்குலம் வரும், வீட்டு அலமாரிக்குச் சரியான அளவு.

இரண்டு பக்கமும் அளக்க மறக்க வேண்டாம். கண்ணளவில் கட்டிய தோணியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் விரற்கடை வித்தியாசப்படும். கட்டும்போது அதைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். அளவுகள் தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், விலாச்சட்டங்களை வரைந்து தருகிறேன்.